இரண்டாம் முறை வந்த ஹெலி

நேற்று நிலவறைப் பெட்டிகளைத் துப்புரவாக்கும்போது என் பழைய சப்பாத்துச் சோடி ஒன்று அகப்பட்டது. குப்பைப் பையில் போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டினேன். கறுப்பு மணல் கொட்டியது. அடுப்புக்கரித் தூள் போல இருந்தாலும், விரலால் நசுக்கினால் குத்துகிற மணல். நான் இருக்கும் மோர்னிங்சைட்டில் அப்படி மண் இல்லை, ரொறன்ரோவிலேயே இல்லை. என்னை அந்தப் பாலைவனத்துக்கு இழுத்துக்கொண்டு போன உன் விசர் வேலையை நினைத்து முதலில் கோபம்தான் வந்தது. பிறகு படிக்கட்டில் இருந்து அழுதேன். மச்சான், நீ செத்துப்போய் இன்னும் ஒரு பனிக்காலம் முடியவில்லை. உன்னோடு கோபிக்காமல் இருக்க எனக்கு இன்னும் பழகவில்லை.

எல்லாம் அந்தக் கலண்டரால் வந்த வினை. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் நாங்கள் கூட்டமாக இருந்த அபார்ட்மென்டில் அடுப்புக்கு மேலே குசினிச் சுவரில், எங்களுக்கு முன் இருந்தவர்கள் விட்டுப்போனது. மாதம் மாறினாலும் அந்த ஒரு தாளைத் திருப்ப நீ விடமாட்டாய். பாலைவனத்தின் நடுவே பூமி வெடித்துப் பிளந்த பெரிய குழி, ஓர் எரிமலையின் வாய். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கண்ட உயரம் கறையான் புற்றும் கோயில் கோபுரமும்தான், பூமி இப்படியும் இருக்குமா என்று பார்க்காமல் சாகமாட்டேன் என்பாய். கனடா சிற்றிசன் கிடைத்ததும் மற்றவர்கள் இந்தியாவுக்கு டிக்கெட் போட்டார்கள். நீ லாஸ் வேகாஸுக்குப் போட்டாய், எனக்கும் சேர்த்து. உணவகத்தில் எங்களோடு சட்டி கழுவியவர்கள் நாங்கள் சூதாடப் போகிறோம் என்று நினைத்தார்கள். குழி பார்க்கப் போகிறோம் என்று சொல்ல வெட்கப்பட்டு, நான் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன்.

விடியமுன் புறப்பட்டு வாடகைக் காரில் மூன்று மணித்தியாலம் ஓடிப் போனோம். குழியின் வாசலில் எங்களுடையதைத் தவிர இன்னொரு கார்தான் நின்றது, ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதியுடையது. தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள் என்று அந்த மனுசி சொன்னாள். நீ தலையாட்டிவிட்டு ஒரு போத்தலை எடுத்தாய். விளிம்பைச் சுற்றி வரும் பாதை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது, எதிர்ப்பக்கமும் தெரிந்தது. தட்டைத் தரையில் வளர்ந்த எங்களுக்கு, கண்ணில் தெரிவதெல்லாம் கிட்டத்தில் இருப்பது. பரந்த வயலில் பக்கத்து ஊர்க் கோபுரம் தெரிந்தால் நடந்துவிடலாம் அல்லவா, அதே கணக்கு.

காற்று நாங்கள் போட்டிருந்த சேட்டுகளைப் பிய்த்தது. கீழே கறுப்பும் துருச்சிவப்புமாகச் சரிவு இறங்கிக்கொண்டே போனது. நீ சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தபடி நடந்தாய். உன்னை அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன் கண்டதில்லை, அதனால்தான் திரும்புவோம் என்று சொல்ல வந்ததை விழுங்கினேன். பாதி சுற்றியதும், அடியைப் பார்க்கவேண்டும் என்று பாதையை விட்டு இறங்கி எட்டிப் பார்த்தாய். நின்ற நிலமே உன்னோடு வழுகியது. நீ கத்தக்கூட இல்லை. பார்த்துக்கொண்டிருக்கச் சரிவில் சிறுத்துக்கொண்டே போனாய்.

புத்தியுள்ளவன் காருக்கு ஓடியிருப்பான். நான் உனக்குப் பின்னால் இறங்கினேன். கிட்ட வந்து பார்த்தால் உன் பாதம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. உன்னைத் தோளில் தாங்கி மேலே ஏறப் பார்த்தேன். ஓரடி வைத்தால் மணல் இரண்டடி கீழே கொண்டுவந்தது. நான் தனியாக ஏறிப் பார்த்தும் அதுதான். வெயில் உச்சிக்கு வந்தது. போத்தலில் அடிமட்டத்தில் கொஞ்சம் கிடந்தது. ஒருமுறை விளிம்பில் யாரோ நின்றது போலத் தெரிந்தது. கத்தினோம். காற்று எல்லாவற்றையும் கொண்டுபோனது, அந்த உருவமும் மறைந்துவிட்டது. இந்தக் குழியிலேயே முடிந்தோம் என்று எனக்குப் பட்டது.

நெடுநேரம் கழித்துத்தான் சத்தம் கேட்டது. உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, சண்டைக்காலத்தில் ஊரில் ஹெலிகொப்டர் சுட வந்த அந்தச் சத்தத்தைக் காதுக்கு முன் உடம்பு அறிந்துவிடும். "ஹெலி, படு!" என்று கத்தியது நீயா நானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உடைந்த காலோடு நீ உருண்டாய். நான் உன்னை ஒரு கரும்பாறைக்குக் கீழே இழுத்து, உன்மேலே படுத்து, தலையைக் கைகளால் மூடினேன். அது குழிக்கு மேலே வந்து நின்றது. காற்றில் மணல் எழும்பிக் கழுத்தில் அடித்தது. அசையாதே, அசையாதே என்று உன் காதுக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தேன். ஒரு வட்டம் அடித்துவிட்டு அது திரும்பிப் போனது. தப்பிவிட்டோம் என்று பெருமூச்சு விட்டேன்.

நீ பாறைக்குக் கீழேயிருந்து தலையை நீட்டி வானத்தைப் பார்த்தாய். பிறகு மிக மெதுவாகச் சொன்னாய்.

"மச்சான், உது எங்களைத் தேடி வந்ததடா."

விளிம்பில் தெரிந்த உருவம் அந்தத் தம்பதியில் ஒருவர்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. நாங்கள் கீழே அகப்பட்டிருப்பதைக் கண்டு காரை ஓட்டிப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். உதவி வந்து எங்கள் தலைக்கு மேலே நின்றது, நாங்கள் அதற்கு ஒளித்துப் படுத்திருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது, நாக்கு வறண்டு சிரிக்க முடியவில்லை. கடைசித் தண்ணீரை உனக்குப் பருக்கினேன். திரும்பி வருமா என்று நீ கேட்டாய். வரும் என்றேன். ஒருமுறை தேடிய இடத்தை யார் மறுபடி தேடுவார்கள் என்பதுதான் என் மனதில் ஓடியது.

உன் அண்ணையைப் பற்றி நீ ஒரே ஒரு முறைதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய், சட்டி கழுவிக்கொண்டு, தண்ணீர்க் குழாயை மூடாமலே. வயலில் நின்றவர். ஹெலி வர, ஓடினால் சுடுவார்கள் என்று உடுத்திருந்த வெள்ளைச் சாரத்தை உயர்த்திக் காட்டியவர். நீ வரம்புக்குக் கீழே படுத்திருந்து பார்த்தாய். சாரம் கீழே விழுந்ததுவரை சொல்லிவிட்டு அடுத்த சட்டியை எடுத்தாய்.

நிழல் சரிவில் பாதி இறங்கிய நேரம் அந்தச் சத்தம் மறுபடி வந்தது. இந்தமுறை எல்லாம் தெரியும். தெரிந்தும் என் உடம்பு பாறையை நோக்கித் தவழ்ந்தது. நீ என் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தாய். உன் மற்றக் கை வெள்ளைச் சேட்டின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தது.

"எழும்படா. காணட்டும்."

என் தோளை ஊன்றி, ஒற்றைக் காலில் எழுந்து நின்று, நீ அந்தச் சேட்டைத் தலைக்கு மேலே பிடித்தாய். உன் கண்கள் இறுக மூடியிருந்தன. சுடப்போகிறார்கள் என்று உன் உடம்பு முழுக்க நம்பியது. என் தோளில் இருந்த உன் கை அழுத்திய அழுத்தத்தில் எனக்கு அது தெரிந்தது. ஆனாலும் சேட்டை நீ கீழே விடவில்லை. ஹெலி எங்கள்மேல் வந்து, நின்று, கயிறு இறங்கும்வரை விடவில்லை.

கயிற்றில் இறங்கி வந்து உன் காலுக்குக் கட்டுப்போட்ட இளம் பொடியன், முதல்முறை வந்தபோது ஏன் கைகாட்டவில்லை என்று கேட்டான். சரியாக உங்களுக்கு மேலேதானே நின்றோம் என்றான். உனக்கும் ஆங்கிலம் தெரியும், ஆனாலும் என் பக்கம் திரும்பினாய். "நித்திரை கொண்டிட்டம் எண்டு சொல்லு."

சொன்னேன். உச்சி வெயிலில், முறிந்த காலோடு, எரிமலைக் குழிக்குள் நித்திரை கொண்ட எங்கள் இரண்டு பேரையும் அவன் மாறி மாறிப் பார்த்தான். ரொறன்ரோவுக்கு வந்ததும் நீ செய்த முதல் வேலை அந்தக் கலண்டர் தாளைத் திருப்பியது. அடுத்த படத்தில் ஏதோ ஒரு ஏரி, நீ அதைப் பார்க்கக்கூட இல்லை.

உன் செத்தவீட்டில் உன்னைப் பற்றிப் பேசவந்தவர்கள் உன் பகிடிகளைச் சொன்னார்கள், உன் சமையலைச் சொன்னார்கள். இதை நான் அங்கே சொல்லவில்லை. எங்கள் கட்டடத்துக்கு மேலாக ஆஸ்பத்திரி ஹெலி அடிக்கடி போகும். சத்தம் கேட்டதும் நான் இன்றைக்கும் குனிகிறேன், கையில் தேத்தண்ணி இருந்தாலும் குனிகிறேன். பிறகு உன் கை என் தோளில் அழுத்துகிறது. எழும்பி, பல்கனிக் கதவைத் திறந்து, வெளிச்சத்தில் போய் நிற்கிறேன். அது போய் மறையும்வரை அங்கேயே நிற்கிறேன், காணட்டும் என்று.