கருப்பனை முந்திய கதை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள அண்ணனுக்கு, தம்பி தனுஷ் வணக்கத்துடன் எழுதுவது.

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நம் வீட்டு ராஜபாளையம் நாய் திருவாளர் கருப்பன் அவர்களை, கடந்த செவ்வாய்க்கிழமை காலை நடந்த ஓட்டப்பந்தயத்தில் உன் தம்பி முந்திவிட்டான். வெள்ளை நாய்க்குக் கருப்பன் என்று பெயர் வைத்தவனும் இவனே என்பதால் பெருமை இரட்டிப்பாகிறது. பரிசு, இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம்.

போனில் சொல்லியிருக்கலாம். உன் ராணுவ முகாமில் டவர் கிடைக்கிற அன்றைக்கு அம்மா போனைக் கையைவிட்டு இறக்குவதில்லை. அவள் பக்கத்தில் இருக்கும்போது இதைச் சொல்லவும் முடியாது.

ராணுவத் தேர்வுக்கு ராஜபாளையம் மைதானத்தில் ஆண்டிச்சாமி மாமாவிடம் தினமும் ஓடிப் பழகு என்று சொல்லிவிட்டுப் போனாய். பழகினேன், சாக்குச் சொல்ல. மாமாவிடம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றேன். அம்மாவிடம் மாமா ஊரில் இல்லை என்றேன். ஷூவைப் பக்கத்து வீட்டு யோகேஸ்வரி அக்கா மாடியில் ஒளித்துவைத்து, தொலைந்துபோச்சு என்று ஒரு வாரம் ஓட்டினேன். நான் ஓட்டியது அது ஒன்றைத்தான். மற்ற நாளெல்லாம் பஸ் ஏறி ராஜபாளையம் போய் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு, திரும்பும்போது குழாயில் தலையை நனைத்துக்கொள்வேன். பார்க்க வியர்வை மாதிரியே இருக்கும்.

அம்மா மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சு ஒட்டியபடி வருவாள். ஒருநாள், "ஏலே, இன்னைக்கு எம்புட்டு ஓடுன?" என்று கேட்டாள். "ஓடவா? பறந்தேம்மா" என்றேன். சிரித்துக்கொண்டே, தட்டில் வைத்த கையோடு தூங்கிவிட்டாள். தேர்வில் நான் தேறாவிட்டால் அதே மில்லில் எனக்கும் ஒரு இடம் வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவைத்திருக்கிறாள்.

சோம்பல் மட்டும் காரணமில்லை அண்ணே. ஓடிப் பார்த்து ஏலாமல் போனால், ஏலாது என்று தெரிந்துவிடும். ஓடாமலே இருந்தால், ஓடியிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரியலாம். அப்படியே திரிந்து திரிந்து எனக்கே அலுத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கேட்டைச் சாத்த மறந்துவிட்டேன். நீ போனதிலிருந்து சரியாகத் தின்னாமல் கிடந்த கருப்பன், எழுந்தான், பாய்ந்தான், மெயின்ரோட்டுப் பக்கம் போய்விட்டான். பிறவியிலேயே காது கேட்காதவன். லாரி ஹாரனும் கேட்காது, என் கத்தலும் கேட்காது. முன்னால் போய் நின்றால்தான் நான் இருப்பதே அவனுக்குத் தெரியும். செருப்பில்லாமல் ஓடினேன். யோகேஸ்வரி அக்கா வாசலில் நின்று, "ஏலே தனுஷு, போலீசு வெரட்டுதா?" என்று கேட்டது பாதிதான் காதில் விழுந்தது. கண்மாய்க்கரை முழுக்க நிற்கவில்லை. நெஞ்சு எரிந்தது, கால் கிழிந்தது. நிற்க எத்தனையோ சாக்கு இருந்தது. யாரிடம் சொல்ல?

அன்றிலிருந்து தினமும் விடிகாலையில் அவனே கட்டிலருகே வந்து நிற்கிறான். காது கேட்காதவனிடம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றா சொல்வது? எழுந்து ஓடுகிறோம். வந்ததும் சட்டியைக் காலி செய்கிறான்.

இன்று ஒளித்துவைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கும் போனேன். கடைசியாக வந்தேன், ஆனால் கடைசிவரை வந்தேன். ஆண்டிச்சாமி மாமா திட்டவில்லை. "என்னலே, ஒங்கம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா? நாளைக்கும் வா" என்று மட்டும் சொன்னார். இதை எழுதும்போது கால் இரண்டும் என்னுடையவை போலவே இல்லை. படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்தே எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கருப்பனை நான் முந்தவில்லை. ராஜபாளையம் நாயை எவன் முந்துவான்? நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது அவன் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தான், நீ பெட்டியோடு ஏறின அதே இடத்தில். பஸ் வந்து நின்றதும் எழுந்து படிக்கட்டைப் பார்த்தான். நான் போய் முன்னால் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். தினமும் எங்கள் ஓட்டம் முடிவது அங்கேதான்.

லீவு எப்போது என்று நான் கேட்கவில்லை. அவன்தான் கேட்கிறான். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொன்னாள் அம்மா. பத்திரமாக இரு அண்ணே.

இப்படிக்கு,
இரண்டாவதாக வந்த உன் தம்பி,
தனுஷ்