எட்டில் நின்ற முள்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
ஜனவரி 6

என் அன்பு மகள் ஸ்ரீப்ரியாவுக்கு,

அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகமாக இருக்க பத்மநாபசுவாமி துணை. ஃபோன் இருக்கும்போது இந்த அம்மாவுக்குக் கடுதாசி எதற்கு என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நான் ஃபோனை எடுத்தால் போதும், உன் அப்பா எங்கிருந்தாலும் வந்து அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால், அந்த ஃபோனை ஏற்பாடு செய்து தந்ததே உன் தம்பி வினீத்தான். அதில் நான் எழுதுவது அவன் கண்ணில் படாது என்று என்ன நிச்சயம்? அதனால் பக்கத்து வீட்டு ஸ்வப்னாவிடம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பச் சொல்கிறேன். இந்தத் தெருவில் ரகசியம் காக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இங்கே வெயில் நன்றாக அடிக்கிறது. உனக்கு மோர் மிளகாய் போட்டு வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் என்னவோ நடக்கிறது, ப்ரியா மக்களே. அப்பாவும் வினீத்தும் கூட்டுச் சேர்ந்துகொண்டு என்னிடம் எதையோ மறைக்கிறார்கள்.

போன வாரம் வினீத் ஆபீசிலிருந்து வந்ததும் மூன்று டிக்கெட்டை நீட்டினான். ஹெலிகாப்டர் டிக்கெட். ஆக்குளம் பக்கம் ஒரு மைதானத்திலிருந்து கிளம்பி, கடல் மேலேயே போய் விழிஞ்ஞம் வரைக்கும் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். வருகிற பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஏதுடா இது என்றேன். சூப்பர் மார்க்கெட் கூப்பனில் பரிசு விழுந்தது என்றான். எந்தக் கடை என்று காலையில் கேட்டால் ஒரு பேர் சொல்கிறான், சாயங்காலம் கேட்டால் இன்னொரு பேர். நாம் சாமான் வாங்குவது எல்லாம் சாலைக் கடைத்தெருவில். அங்கே எவன் கூப்பன் கொடுக்கிறான்? என் காதில் பூ சுற்றுகிறான்.

இதைவிட ஆச்சரியம் உன் அப்பா. நீ மூன்றாம் கிளாஸ் படிக்கும்போது நான் மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்து போனது. ஒரு தடவையாவது அதில் ஏறி நம் வீட்டு மாடியை மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்று நான் வாய்தவறிச் சொன்னேன். அன்றைக்கு அவர் காக்காயை விரட்டு என்று சொல்லிவிட்டுக் கீழே போனவர்தான். இப்போது டிக்கெட் வந்ததும், நீ அன்றைக்கு ஆசைப்பட்டாயே பகவதி என்கிறார். வத்தல் மல்லிக் கடை வைத்துக்கொண்டு வீட்டுக்கு மல்லி கொண்டுவர மறக்கிற மனுஷன், இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய பேச்சை ஞாபகம் வைத்திருக்கிறார்.

இன்னும் கேள். கடையை வேலைக்கு நிற்கிற நெல்லையப்பனிடம் விட்டுவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுகிறார். வரும்போது கொய்யாப்பழமோ திராட்சையோ இல்லாமல் வருவதில்லை. கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்து அறியாதவர், இப்போது உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குகிறார். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் என்னையே பார்க்கிறார்.

கடையைக் கைமாற்றிவிட்டாரோ என்று நினைத்தேன். நெல்லையப்பன் வந்தபோது கேட்டேன். அப்படியெல்லாம் இல்லை அம்மா என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பை மாட்டினான். உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஏதாவது மனஸ்தாபமோ, அதை என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறார்களோ என்றும் நினைத்தேன். அப்புறம்தான் துப்புக் கிடைத்தது. பாங்குக்குப் போவதாகச் சொல்லி அப்பாவும் மகனும் இரண்டு தடவை வெளியே போனார்கள். அப்பா துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஆஸ்பத்திரியின் பார்க்கிங் சீட்டு இருந்தது. ஆக, உன் அப்பாவுக்குத்தான் உடம்புக்கு ஏதோ. நான் பயந்துவிடுவேன் என்று மூடி மறைக்கிறார்கள்.

என் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே. அந்த வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்ததில் அல்சர் என்று வந்தது. டாக்டர் என்னை வெளியே உட்காரவைத்து நர்ஸிடம் சாயா கொடுக்கச் சொல்லிவிட்டு, அப்பாவுக்கும் வினீத்துக்கும் அரை மணி நேரம் விளக்கிச் சொன்னார். மாத்திரையெல்லாம் அப்பாவே உறை பிரித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்து, வேளைக்கு எடுத்துத் தருகிறார். எடை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முள் வைத்த மெஷின் ஒன்றும் வாங்கி வந்திருக்கிறார். திங்கட்கிழமை தோறும் என்னை ஏற்றி நிறுத்துவார். கண்ணாடி போட்டிருந்தால் அந்த எடையும் சேரும் என்று கழற்றி வாங்கிக்கொள்வார். குனிந்து பார்த்து, ஐம்பத்தொன்று, ஒரு கிராம் குறையவில்லை என்பார். எடை விஷயத்தில் உன் அப்பாவை நம்பாமல் வேறு யாரை நம்புவது? தட்டு காலியாக இருக்கும்போது முள் நேரே நிற்காவிட்டால் சாமியே வந்து கேட்டாலும் நிறுக்க மாட்டேன் என்கிறவர் ஆயிற்றே.

தையல்காரி ராஜபாய்தான் இந்தத் தடவை எல்லா ரவிக்கையையும் தொளதொளவென்று தைத்துவிட்டாள். அளவு மாற்றவேயில்லை என்று சாதிக்கிறாள். நன்றாகக் கேட்டுவிட்டேன். மோதிரமும் கழன்று கழன்று விழுகிறது, நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன்.

நீ எப்படியாவது அப்பாவின் வாயைப் பிடுங்கி, அவருக்கு என்ன என்று எனக்கு எழுது. உன்னிடம் அவர் எதையும் மறைக்க மாட்டார். எனக்கு அவர் நன்றாக இருந்தால் போதும்.

உன் அம்மா,
பகவதி


ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
ஜனவரி 20

அன்பு மகளுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். என் கடுதாசி உனக்குக் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். நீ பதில் எழுதவில்லை. ஃபோனில் கூப்பிட்டு மஸ்கட்டில் குளிர் அடிப்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசினாய். கடைசியில் குரல் கம்மியது. ஜலதோஷம் என்றாய். சரி என்று நானும் கேட்டுக்கொண்டேன்.

ஹெலிகாப்டரில் போய் வந்துவிட்டோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்தக் கடுதாசி மஸ்கட்டுக்குக் கிளம்புகிற ஸ்வப்னாவின் தம்பி ஜெயன் கையில் வருகிறது. மோர் மிளகாயும் அவனிடம் கொடுத்திருக்கிறேன்.

மைதானத்தில் ஷாமியானா போட்டு மேஜை வைத்திருந்தார்கள். பேர் பதிந்ததும் ஒவ்வொருவராக எடை மெஷினில் ஏறச் சொன்னாள் அங்கே இருந்த பெண். யாரை எந்தப் பக்கம் உட்காரவைப்பது என்று எடை பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். அந்த மெஷினில் எழுத்து சிவப்பாகப் பெரிதாக எரிகிறது. கண்ணாடியைக் கழற்ற யாரும் சொல்லவில்லை. நான் ஏறினேன். நாற்பத்துமூன்று என்று காட்டியது. அந்தப் பெண்ணும் மலையாளத்தில் உரக்கச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

உன் மெஷின் கேடு என்றேன். நான் வீட்டில் ஐம்பத்தொன்று, ஆறு நாளைக்கு முன்னால் பார்த்தது என்றேன். அவள் கோபிக்காமல், தானே ஏறிக் காட்டினாள். வினீத்தை ஏற்றினாள். எண்பத்திரண்டு. ஜிம்மில் அவனுக்கு எண்பத்திரண்டுதான் என்று போன வாரம்கூட அலட்டிக்கொண்டிருந்தான். இப்போது அவசரமாக இறங்கினான்.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். தராசு என்றால் யாரோடும் சண்டைக்கு நிற்கிறவர். ரேஷன் கடை, பழைய பேப்பர்க்காரன், தங்கக் கடை, ஒருத்தரையும் விட்டதில்லை. என் பெண்டாட்டியை எட்டு கிலோ குறைத்துக் காட்டுகிறாயா என்று அந்த மேஜையையே புரட்டியிருக்க வேண்டாமா? அவர் வாயே திறக்கவில்லை. தூரத்தில் நின்ற ஹெலிகாப்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மக்களே, எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அதற்கு அப்புறம்தான் ஆகாசத்துக்கே போனேன்.

முன்னால் வினீத், பின்னால் நாங்கள் இருவரும். எனக்கு ஜன்னல் பக்கம். காதில் பெரிதாக ஒன்றை மாட்டிவிட்டார்கள். அதில் பேசினால் பைலட்டுக்கும் கேட்குமாம். அதனால் நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வேளிப் பக்கம் காயல் தண்ணீர் கடலோடு சேருகிற இடம் தெரிந்தது. சங்குமுகம் கடற்கரையில் ஆட்கள் கடுகு சிந்தின மாதிரி இருந்தார்கள். கோவளத்துக் கலங்கரை விளக்கைத் தாண்டி விழிஞ்ஞம் போனால், துறைமுகத்து கிரேன்கள் வரிசையாக நிற்கின்றன, அத்தனை பெரிய கப்பலும் பெட்டிகளும் தீப்பெட்டி போல. திரும்பும்போது கோயில் கோபுரத்தைத் தூரத்தில் காட்டினார்கள். அதன் மேலே பறக்கக்கூடாதாம். அந்தப் பக்கம்தான் நம் ஆரியசாலை என்று பைலட் கையைக் காட்டினார். ஓடும் தகரமுமாக ஒரே கும்பல். நம் மாடி எது என்று தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

நன்றாகத்தான் இருந்தது ப்ரியா. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் அப்பா எதையும் பார்க்கவில்லை. கடல் பக்கம் திரும்பவேயில்லை. போனது முதல் வந்தது வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது காரில் வினீத் தானாகவே ஆரம்பித்தான். மைதானத்தில் காற்று அதிகம், அதனால் அந்த மெஷின் தப்பாகக் காட்டியிருக்கும் என்றான். அப்பா குனிந்து வேட்டியின் கரையைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் அவர் திருகின திருகில் கரை நூல் பிரிந்துவிட்டது. அதைப் பார்த்ததும், ஆமாம், அந்தக் கம்பெனிக்காரன் மெஷின் சுத்த மோசம், நம் வீட்டு மெஷின்தான் சரி என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். ஈஞ்சக்கல் ஜங்ஷன் வரும்வரை துடைத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் அவர் கடைக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினதும், நான் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த மெஷினைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். காலியாக இருக்கும்போதே முள் எட்டில் நிற்கிறது. பிரிக்காத பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கி வைத்தேன். பதினெட்டு. பக்கத்தில் சின்னதாக ஒரு திருகு இருக்கிறது. முதலில் ஒன்றில் வைத்திருப்பார். அப்புறம் மூன்று, ஐந்து. நான் இளைக்க இளைக்க வாராவாரம் உட்கார்ந்து திருகியிருக்கிறார். ஆயுசு முழுக்க ஒருத்தருக்கும் எடையில் பொய் சொல்லாத மனுஷன். அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். எனக்காக அழுதேனா அவருக்காக அழுதேனா என்று தெரியவில்லை. திருகை நான் தொடவில்லை. மெஷினை இருந்த இடத்திலேயே தள்ளி வைத்துவிட்டேன்.

சாயங்காலம், திங்கட்கிழமை அல்லவா, என்னை ஏற்றினார். நானே கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். ஐம்பத்தொன்று என்றார். குறையவில்லையே என்றேன். இல்லை என்றார்.

ராஜபாயிடம் போய் நான் பேசினதைப் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் பழைய அளவிலேயே சரியாகத்தான் தைத்திருக்கிறாள்.

உனக்கும் எல்லாம் தெரியும். இரண்டு மாதமாக நீ ஃபோன் பேசின விதத்திலேயே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். உன்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். கோபம் இருக்கிறது. என் உடம்பைப் பற்றி என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, நெல்லையப்பனுக்குக்கூட. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று உன் அப்பாவிடம் சொல்லிவிடாதே, வினீத்திடமும் சொல்லாதே. அந்தத் திருகை நம்பித்தான் அவர் நடமாடிக்கொண்டிருக்கிறார். அது போனால் மனுஷன் உட்கார்ந்துவிடுவார்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். எத்தனை நாள் என்று டாக்டர் சொன்னார்? அதை நீ கடுதாசியில் எழுத வேண்டாம். எழுதவும் உனக்குக் கை வராது. சின்னவளுக்கு ஸ்கூல் லீவு விட்டதும் ஏப்ரலில் வருவதாகச் சொல்லியிருந்தாய். ஏப்ரல் போதும் என்றால் ஏப்ரலிலேயே வா. போதாது என்றால் முன்னால் வந்துவிடு. என்றைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாய் என்று அப்பாவுக்கு ஃபோன் செய்து சொன்னால் போதும். அவர் ஸ்பீக்கரில்தான் போடுவார். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

நீயும் உன் குடும்பமும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அந்த மோர் மிளகாயை நெய்யில் வறுக்காதே, எண்ணெயிலேயே வறு.

உன் அம்மா,
பகவதி