கலா தனியாக வந்த நாள்

இன்று காலை சேக்காட்டில் எங்கள் தெருச் சுவரில் ஒருவர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். வாளியிலிருந்து மைதாப் பசையின் புளித்த வாடை வந்தது. பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன், கலாம்மா. நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நான் பாடம் நடத்திய மூன்றாம் வகுப்பில் உங்கள் மகள் கலாவைச் சேர்த்தீர்கள். பத்து வயது. எழுத்து மனதில் நிற்காது. பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் எழுந்து ஓடிவிடுவாள். அதனால் கடைசி பெஞ்சில் நீங்களும் உட்கார்ந்தீர்கள். மளிகைக் கடைகளுக்குக் காகிதக் கவர் செய்வதுதான் உங்கள் பிழைப்பு. வீட்டில் ஒட்டுவீர்கள், வகுப்பில் சத்தமில்லாமல் மடிப்பீர்கள். கலா பத்துப் பத்தாக அடுக்குவாள். உங்கள் விரல்களில் எப்போதும் அந்தப் பசை வாடை.

முதல் வாரம் நான் முகம் சுளித்தேன். "பரீட்சை எழுத முடியாத பொண்ணு இங்க எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"அவ குந்திக்கினா உங்க பெஞ்சு தேஞ்சா பூடும், டீச்சர்?" என்றீர்கள். சிரிக்கவில்லை.

பிறகு பழகிவிட்டது. பத்துக் கட்டுப் பாடத்தைக் கலாவை வைத்தே நடத்தினேன். பிள்ளைகள் குச்சிகளைக் கொண்டுபோய் அவளிடம் கொடுப்பார்கள். அவள் பத்துப் பத்தாகக் கட்டுவாள்; எண்ணிக்கை தப்பாது.

அந்த வருடம் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. "அந்தம்மாவும் பொண்ணும் நாளைக்கு வேணாம். யாரு பதில் சொல்றது?" என்றார் ஹெட்மாஸ்டர். எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. மறுத்துப் பேசாமல் உங்களிடம் வந்து, "ஒரு நாள்தானே, கலாம்மா" என்றேன்.

"சர்தான், டீச்சர்."

மறுநாள், நீங்கள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், கலா பையை மாட்டிக்கொண்டு தனியாகவே வந்துவிட்டாள். வாட்ச்மேன் அவள் முகத்துக்கு நேரே கேட்டைச் சாத்தினார். ஜன்னல் வழியே பார்த்தேன். திரும்பிக் கரும்பலகையில் தேதி எழுதினேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் ஓடிவந்து அவளை அழைத்துப் போனீர்கள்.

அடுத்த மூன்று நாளும் கூட்டிவந்தீர்கள். கேட் திறந்துதான் இருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மறுத்தாள். "உள்ள வாடி, டீச்சர் கீறாங்க பாரு" என்று நீங்கள் கெஞ்சியது வகுப்புவரை கேட்டது. நான் எழுந்து வரவில்லை. நான்காம் நாள் நீங்களும் வரவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்து கூப்பிட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

பல வருடம் கழித்து அம்பத்தூர் பஸ்ஸில் பார்த்தபோது, நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தீர்கள். "கலா எப்படி இருக்கா?" என்றேன்.

"ஊட்ல கீறா, டீச்சர். கவரு மடிக்கிறா."



பின்னால் என் வகுப்பில் கலாவைப் போல ஆறேழு பிள்ளைகள் படித்தார்கள். எந்த இன்ஸ்பெக்‌ஷனுக்கும் யாரையும் வீட்டில் நிறுத்தவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று, 'டீச்சருக்குப் பெரிய மனசு' என்று மாலை போட்டார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அன்று கலா மெயின் ரோட்டைத் தனியாகக் கடந்து, வழி தவறாமல், முதல் மணிக்கு முன்பே வந்தாள். தலையை அவளே வாரியிருந்தாள்; வகிடு கோணல். அவள் வந்ததை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.