நாவலேரிக்கு விழா வேண்டாம்

மாதம் மும்மாரி பெய்க. வெண்ணாரை நாடாளும் கோமகள் சேந்தன்தேவியார் கொற்றம் ஓங்குக. தேவியாரின் நீர்நிலைகளைக் காக்கும் அமைச்சர் பரிதிமாறனார், நாவற்கோட்டத் தலைவர் சாத்தங்குமரனாருக்கும் அக்கோட்டத்து ஐந்தூர் மக்களுக்கும் நலம் விழைந்து விடுக்கும் மூன்றாம் ஓலை இது. நலம் விழைகிறார், மனம் நொந்துதான் விழைகிறார்.

முதல் ஓலையில் அமைச்சர் கேட்டவை மலையைப் பெயர்க்கும் காரியங்கள் அல்ல. குடிநீர் தரும் நாவலேரியில் மாடு குளிப்பாட்ட வேண்டாம், பாத்திரம் துலக்கிய நீரை வாழைக்கு விடுக, எண்ணெய் தேய்த்தவர் கரையில் மொண்டு குளிக்க, விறகுக்குப் பச்சைக் கிளையை விடுத்து உதிர்ந்த சுள்ளி பொறுக்குக என்று கேட்டார். இவ்வளவுதான்.

அரச ஓலையை எதிர்கொண்டு தொழுது தலைமேல் ஏற்பது மரபென்று, தலைவர் அதைப் பிடியானை மேல் ஏற்றி ஐந்தூரையும் வலம் வந்தார். கரை மரங்களை மொட்டையடித்துத் தோரணம் கட்டினார். வலம் முடிந்ததும் யானையை ஏரியிலேயே இறக்கிக் குளிப்பாட்டினார். ஐயா, விழா எடுக்கவா ஓலை எழுதியது என்று நொந்து இரண்டாம் ஓலை போயிற்று. அதற்கு முன்னிலும் பெரிய விழா நடந்தது; இலைத் தொன்னைகளில் ஆயிரம் எண்ணெய் விளக்குகள் ஏரியில் விடப்பட்டன. கேட்டவற்றுள் ஒன்றேனும் நடந்ததா என்று வினவியபோது, ஓலைகள் இரண்டும் பூசையறையில் பத்திரமாக இருப்பதாக மறுமொழி வந்தது. அமைச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை.

தவறு அவர் மேலும் உண்டு. அடுக்கடுக்கான அலங்காரச் சொற்களில் எழுதி, படித்தவர் கைகூப்பிவிட்டு எழுந்துபோகும்படி செய்துவிட்டார்.

பின்பு, கீழூர்க் குயவர் மகள் எயினி நான்கு நாள் நடந்து தலைநகர் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, தலையில் நாவலேரி நீர்க்குடம். ஐந்தூரிலும் பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு என்றும், தன் மூத்த மகள் போன திங்கள் அதில் இறந்தாள் என்றும், விழாவன்று அம்மகளும் ஏரியில் ஒரு விளக்கு விட்டிருந்தாள் என்றும் எயினி விண்ணப்பித்தாள். அமைச்சர் அக்குடத்து நீரில் ஒரு வாய் குடித்தார். சாணமும் அழுகிய இலையும் நாறின. இரண்டாம் வாய் இறங்கவில்லை.

ஆதலால் தேவியார் ஆணை இது. இவ்வோலைக்கு யானை இல்லை, தோரணம் இல்லை, பாட்டு இல்லை. கிடைத்த அன்றே தலைவர் தம் கையால் தொன்னைகளை வாரிக் கரையேற்றுக. தம் தொழுவத்து மாடுகளையே முதலில் ஏரிக்கு வெளியே ஓட்டுக. ஊர் அதைப் பார்த்து மற்றவற்றைச் செய்யும்.

அரச முத்திரை இம்முறை ஓலையில் இல்லை. எயினியின் குடத்தை மூடி, அதன் வாய்மேல் இடப்பட்டுள்ளது. ஐந்தூரார் முன்னிலையில் தலைவர் முத்திரையை உடைத்து, அமைச்சர் குடித்தது போக மிஞ்சியதைக் குடிப்பாராக. குடிக்க இயலாதெனில், அதை எயினியின் முகம் பார்த்துச் சொல்வாராக. குடத்தைக் கொண்டுவந்து எதிரில் நிற்பவள் அவளே.