சாய்ஞ்ச கூடு எட்டு

12-2-2008 செவ்வாய்
காலைல பனி. எட்டு மணிக்குத்தான் வெயில். தைலம், வெத்தல வாங்கணும். நாளைக்குச் சிதம்பரம். பேத்தி வேணிக்கு வியாழக்கிழமை வைவா, கடைசி வாய்ப் பரீட்சை. தேறினா டாக்டர். ஊசி போடுறது இல்ல, கல்லு டாக்டர்.

பொங்கல் லீவுல இங்க உக்காந்துதான் அதுல காட்ட, பூமி ஆழத்துக் கல்லோட மாடலைச் செஞ்சா. அட்டையில எட்டுக் கூடு. மைதாப் பசை காய்ச்சி ஒட்டினது நான். கூட்டுக்குள்ள சிலிக்கான், ஆறு முனையிலயும் ஆக்சிஜன். மேல கெடக்குற மணல்ல சிலிக்கானைச் சுத்தி நாலு ஆக்சிஜன்தானாம். எழுநூறு கி.மீ. ஆழத்துல நெருக்குற நெருக்குல ஆறு பேரு. கூடுங்களை முனைக்கு முனை கம்பியால கோத்தோம். நடுவுல பாசிமணி, அது மக்னீசியம். மணி சின்னது, எடம் பெருசு. அதை ஒட்டிப் புடிக்க கூடெல்லாம் சாய்ஞ்சு குடுக்குது. ‘இந்தச் சாய்வுலதான் ஆயா என் அஞ்சு வருஷப் படிப்பே இருக்கு’ன்னா. எந்தக் கூடு எந்தப் பக்கம் சாயணும்னு எனக்கு அத்துப்படி.

13 புதன்
வந்தாச்சு. பஸ்ஸுல ஆலப்பாக்கம் வரைக்கும் நின்னுக்கிட்டே. முட்டி வலி. வேணி தங்கிப் படிக்கிறது அவ அப்பாவைப் பெத்த சம்பந்தியம்மா வீட்டுல.

சாயங்காலம் கூடப் படிக்கிற பொண்ணு வந்துச்சு. வேணி சம்பந்தியம்மா தோள்ல கை போட்டு, ‘இவங்க எங்க ஆயா.’ என்னைக் காட்டி, ‘இவங்க கடலூர் ஆயா.’

ஒண்ணாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் வளத்தது நான். அம்மை போட்டப்ப பதினோரு நாள் கண்ணு மூடாதது நான். இவங்க? வேணி காதுகுத்துல என் சாம்பார்ல உப்பில்லன்னு பந்தியில எல்லார் எதிர்லயும் சொன்னவங்க. உப்பு சரியாத்தான் இருந்துச்சு.
எங்க ஆயாவாம்.


14 வியாழன்
கா. 6. வேணி குளிக்கப் போனா. மாடல் டேபிள் மேல. சம்பந்தியம்மா தூசி தொடைக்க வந்தாங்க. கோணல்னாலே அவங்களுக்கு ஆகாது, சாமி படம் இம்மி சாய்ஞ்சாலும் நிமித்துவாங்க. ‘அடடா, எல்லாம் ஒரு பக்கமா சரிஞ்சுபோச்சே சம்பந்தி!’ ஒவ்வொரு கூடா நிமித்தினாங்க. எட்டும். அழகா துணி போட்டு மூடி வெச்சாங்க.
நான் காப்பி குடிச்சேன். வாய் தொறக்கல. தெரியட்டும் அவளுக்கு, எங்க ஆயா லட்சணம்.
வேணி துணியோட தூக்கிக்கிட்டு ஆட்டோ ஏறினா.

மா. 4. தேறிட்டா. கேசரி கிளறியாச்சு. வேணி மூஞ்சி மட்டும் செவந்து கெடக்கு.
‘துணியை எடுத்தா எட்டும் நெட்டுக்குத்தலா நிக்குது. அத்தனை பேர் எதிர்ல ஒவ்வொண்ணா சாய்ச்சேன். கேள்வி கேக்க வந்த வெளியூர் சார் சிரிச்சிட்டாரு. யாரு கை வெச்சது?’
சம்பந்தியம்மா: ‘நான்தாம்மா. சம்பந்தி பக்கத்துலயே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கூடச் சேந்து செஞ்சவங்களாச்சே, தப்புன்னா சொல்லியிருப்பாங்கன்னு...’
வேணி என் பக்கம் திரும்பினா.
‘உனக்குத் தெரியுமே ஆயா.’

15 வெள்ளி
கடலூர். தண்ணி வண்டி வரல. பஸ் ஏத்திவிட வந்தது சம்பந்தியம்மாதான். வேணி தூங்குறாளாம். சன்னல் சீட் புடிச்சுக் குடுத்து, ‘போய்ச் சேந்ததும் ஒரு போன் போடுங்க சம்பந்தி’ன்னாங்க. இன்னும் போடல. போனை வேணி எடுத்துட்டா என்ன பேசுறது?