கலை செதுக்கிய ரப்பர் காதுகள்

திங்கள்
காலையிலயே புழுக்கம். கடல் பக்கம் காத்தே இல்ல. சிலிண்டர் புக் பண்ணணும்.
சாப்பாட்டு மேஜை மேல விலா எலும்பு மாதிரி சில துண்டுங்க. தூக்கிவாரிப் போட்டுது. தொட்டா ரப்பர்.
"கை வெக்காத பாபு. ப்ராக்டீஸுக்கு வந்தது." என் பொண்டாட்டி கலை, ஆஸ்பத்திரில சர்ஜன்.
விலாவுலருந்து குருத்தெலும்பு எடுத்துத்தான் புதுக் காது செதுக்குவாங்களாம். அதே கெட்டி, அதே வளைவு, சிலிக்கான்ல. எர்ணாவூர் பொண்ணு ஜெனிஃபர், அஞ்சாவது படிக்குது. பொறவியிலயே வலது காது இல்ல. வியாழக்கிழமை ஆபரேஷன். காத செதுக்கப்போறது கலைதான்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. அவளுக்கு இதான் மொத காது.

செவ்வாய்
ஹார்பர்ல நான் ஓட்டுற கிரேன்ல ஏசி ரிப்பேர். உருகிட்டேன். வூட்டுக்கு வந்தா தரை பூரா வெள்ளைச் சீவல். காதோட ஓர மடிப்பு உடைஞ்சிடுச்சாம். அடுத்த துண்டு. அதுவும் போச்சு. அதுக்கடுத்தது அசல் காது மாதிரியே.
"நல்லாத்தான கீது?"
"உனக்கு நல்லா கீது. தெனமும் தலை வாரும்போது பாக்கப்போறது அந்தப் பொண்ணு."
அதையும் ஓரமா வெச்சிட்டா. கோவமே இல்ல. நானா இருந்தா மேஜையவே கவுத்திருப்பேன்.

புதன்
தூறல். கலைய பைக்ல ஆஸ்பத்திரில விட்டேன். வாசல்ல ஜெனிஃபர், கூட அவ அப்பா, மீன் லோடு ஆட்டோ ஓட்டுறவரு. கலை பையிலருந்து கடைசியா செதுக்கின ரப்பர் காத எடுத்துக் குடுத்தா. பொண்ணு அத வலது பக்கம் வெச்சி, என் பைக் கண்ணாடில பாத்துகினே நின்னுது.
"இது எனக்கா டாக்டர்?"
"இது நான் கத்துக்க. உன்னுது உன் எலும்புலயே."
அப்பா: "அச்சு அசலா இப்டியே வந்துருமா மேடம்?"
"அச்சு அசலா வராதுண்ணா. தோலும் ஒத்துக்கணும். என்னால ஆனத முழுசா செய்யிறேன்."
பூசி மெழுகல. அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு.

வியாழன்
சாயங்காலம் வந்தா. தோசை ஆறிப்போச்சு, தட்டையே பாத்துகினு உக்காந்திருந்தா.
"நிஜத்துல இன்னொரு துண்டு கெடையாது பாபு. பயந்துகினேதான் கத்தி வெச்சேன். ஆனா கைக்கு வழி தெரிஞ்சிருந்துது."
மேல் தோலுக்கு ரத்தம் ஓடணுமாம். இல்லனா கருத்துடும். கட்டுப் பிரிச்சாதான் தெரியும்.

திங்கள்
இன்னிக்கி கட்டுப் பிரிக்கிற நாள். டீ பிரேக். கிரேன்லருந்து எறங்கினதும் அவ ஃபோன். கன்டெய்னர் லாரி இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல.
"இன்னா? சத்தமா சொல்லு!"
"தோலு நல்லா கீது பாபு! கருக்கவே இல்ல! காது அப்டியே எழும்பி நிக்குது!"
கத்துறா. பின்னாடி யாரோ சிரிக்கிற சத்தம்.
"யாரு அது?"
"ஜெனிஃபர். டாக்டரே வார்டுல கத்தக் கூடாதுன்னு சொல்லிச் சிரிக்குது."