நாம் தேர்ந்தெடுத்த அழுகைப் பாட்டுகள்

மச்சான்,

இன்று காலை வானொலிப் பெட்டியைத் திருகிவிட்டுத் தேநீருக்குக் காத்திருந்தேன். உள்ளே வால்வுகள் சூடேற, படிந்திருந்த தூசி மெல்லக் கருகும் மணம் வந்தது. உன் வீட்டுப் பெட்டியிலும் இதே மணந்தான். பிறகு அறிவிப்பாளர் வந்தார்: பழைய பாடல்கள், நேயர் ஒருவரின் தெரிவு. எந்த ஊர்க்காரரோ, ஒன்றுபோலவே காதல் பாட்டுகளாக அடுக்கியிருந்தார். "ரசனை கெட்ட மனுசன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். நீ இருந்தால் அதை நீ சொல்லியிருப்பாய், நான் தலையாட்டியிருப்பேன். இப்போது இரண்டு வேலையும் என் தலையில்.

நமக்கு மட்டும் என்ன ரசனை என்று கேட்காதே. நீ குடாநாட்டிலிருந்து வந்து நெளுக்குளத்தில் வயல் செய்தவன். நான் வவுனியாச் சங்கக்கடையில் அரிசி நிறுத்தவன். நீ பாடினால் எருமை நின்று கேட்கும். நான் பாடினால் எழும்பிப் போகும். ஆனாலும் அரைமணி நேரத்துக்குப் பழைய பாடல்களைத் தெரிவுசெய்து அனுப்புங்கள் என்று வானொலியில் கேட்டதுதான் தாமதம், நாம் இருவரும் வித்துவான்களாகிவிட்டோம். கடை பூட்டிய பிறகு சீனி மூட்டைகளில் ஏறி உட்கார்ந்து பாட்டுப் பாட்டாகப் பாடிப் பார்த்தோம். மீசை முளைக்க முன்னம் கேட்ட பாட்டுத்தான் செல்லும் என்பது உன் சட்டம். உச்சத்தில் குரல் ஏறும்போது இருவருக்கும் மயிர் கூச்செறிந்தால் உள்ளே. ஒருவருக்கு மட்டும் என்றால் வெளியே.

சேர்ந்ததெல்லாம் அழுகைப் பாட்டாகவே இருக்க, "சிரிக்க ஒரு பகிடிப் பாட்டெண்டாலும் சேர்ப்பம் மச்சான்" என்று கெஞ்சினேன்.

"உன்ர முகமே பகிடிதானே, அது காணாதே? பாட்டிலயும் பகிடி வேணுமோ?"

"சனம் பாட்டின்ர சொல்லைக் கேக்குமெல்லோ?"

"சொல்லை ஆரடா கேக்கிறது? குரல் எங்க ஏறுதெண்டு பார்!"

அதோடு என் கட்சி தோற்றது.

அந்த நாட்களில் உன் நெஞ்சில் வேறொன்றும் கிடந்தது. மகள் பத்மாவுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. ஊர்வாய் அதற்குக் காரணம் தேடத் தொடங்கியிருந்தது. ஊர்வாயைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். அதில் நானும் ஒரு பல். மூன்றாவதாகப் பூவரசங்குளத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. "இதுவும் குழம்பினா பிள்ளை இனி ஒருத்தருக்கு முன்னாலயும் வந்து நிக்கமாட்டாள்" என்று நீ சொன்னபோது, நானும் பகிடி விடவில்லை.

அப்போதுதான் நம் தெரிவு ஞாயிற்றுக்கிழமை காலை ஒலிபரப்பாகும் என்று வானொலியிலிருந்து தகவல் வந்தது. நீ என்ன செய்தாய்? மாப்பிள்ளை வீட்டாரை அதே நேரத்துக்கு வரச்சொன்னாய். "ரேடியோவில பேர் வாற வீட்டில ஆர் பொம்பிளை எடுக்கமாட்டினம்?" என்றாய். மகா புத்திசாலித்தனம் என்று நானும் சொன்னேன்.

மாப்பிள்ளை, தகப்பன், தாய் மூவரும் கதிரைகளில் இருந்தார்கள். வானொலியில் உன் பெயர் வந்தது. சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாய். என் பெயரும் வந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டுத் தொடங்கியது. காட்டிலே கணவன் கைவிட்ட பெண் கதறினாள். முடிந்ததும் ஒரு தாய், செத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுடலைக்குப் போனாள். அடுத்து ஒருவர் மனைவியும் பொய், மக்களும் பொய் என்று உச்சத்தில் நின்றார். குரல் நாம் எண்ணியபடியே ஏறியது. மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தான். குசினி வாசலில் நின்ற தங்கச்சி, உன் மனுசி, அகப்பையாலேயே உன்னைக் குத்திவிடுவது போலப் பார்த்தா.

"அடுத்தது என்னடா?" என்று என் காதுக்குள் கேட்டாய்.

"தாலி அறுக்கிற பாட்டு."

நான் பெட்டியை நிற்பாட்ட எழும்ப, அதற்குமுன் மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பிவிட்டார்.

"நல்ல காரியம் கதைக்கிற வீட்டில என்ன பாட்டு இது? சகுனம் சரியில்லை. வெளிக்கிடுவம்."

உள்ளே கோப்பிக் கோப்பைகள் நடுங்கும் சத்தம் கேட்டது. பத்மா தட்டோடு கதவடியில் நின்றாள். அந்தச் சத்தத்தை நீயும் கேட்டாய் என்பது எனக்குத் தெரியும்.

"இருங்கோப்பா" என்றா மாப்பிள்ளையின் தாய். "எங்கட கலியாணத்தண்டும் உந்தப் பாட்டுத்தானே போட்டவை? பாட்டுப் பெட்டிக்காரனிட்ட வேற இசைத்தட்டு இருக்கேல்லை. நான் உங்களோட இவ்வளவு காலமும் குடும்பம் நடத்தேல்லையே?"

"அதைத்தானே நானும் சொல்லுறன்!" என்றார் மனுசன்.

முதலில் சிரித்தவன் மாப்பிள்ளை. பிறகு கதவுக்குப் பின்னால் பத்மா. பிறகு யார் யார் என்று சொல்ல முடியாது. தகப்பனாரும் வேறு வழியில்லாமல் சிரித்துக்கொண்டே திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். தாய்க்காரி பத்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினா. தாலி அறுக்கிற பாட்டு வந்ததும் இருவரும் சேர்ந்து முணுமுணுத்தார்கள். நீ வீட்டிலும் வாரக்கணக்கில் கத்தியதில் பிள்ளைக்கு அடி தவறாமல் பாடமாகியிருந்தது.

"எனக்கு இந்தப் பிள்ளையைப் பிடிச்சுப் போச்சு" என்றா அவா. மாப்பிள்ளை அதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டான் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். முட்டைப்பொரியலில் என் பங்கையும் அந்தத் தகப்பனாரே தின்றார் என்பது எனக்கு இன்றைக்கும் ஒரு குறை. பத்மா இப்போது இரண்டு பிள்ளைகளோடும் அந்த மாமியோடும் பூவரசங்குளத்தில் சந்தோசமாக இருக்கிறாள்.

அன்று தொடங்கி எனக்கு ஒரு வியாதி. எங்கே சோகப் பாட்டுக் கேட்டாலும் வாய் தானாக விரிகிறது. தேநீர்க்கடையில் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டிருக்க நான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பேன். போன மாரியில் உன்னை முற்றத்துப் பந்தலுக்குள் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். ஒருத்தியின் குரல் ஏறியது, மச்சான், அப்படி ஏறியது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. உனக்கும் கூச்செறிந்ததோ என்று பழக்கத்தில் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். அதோடு சிரிப்பு வந்துவிட்டது. துவாயை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டேன். தோள் குலுங்கியது. பக்கத்தில் நின்ற பத்மா, "அழாதேங்கோ மாமா" என்று முதுகைத் தடவினாள்.

அவள் சொன்னதும் பிழையில்லை.